புதுப்பிப்பு: பொதுவகத்தில் நீக்கப்பட்ட என் படங்கள்

விக்கிப்பீடியா போன்ற தளங்களுக்கான கட்டற்ற படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் (காமன்ஸ்) நான் ஏற்றிய மூன்று படங்களில் இரண்டு நீக்கப்பட்டதாகப் போன வாரம் வருத்தத்தோடு எழுதியிருந்தேன். காரணம் இப்போது புரிந்துவிட்டது.

கண்ணகி நகர் சுவரோவியத்தை என் போனில் நானேதான் எடுத்தேன். ஆனால் ஓவியத்தின் உரிமை வரைந்தவருக்கு. மெரினாவின் உழைப்பாளர் சிலை தப்பியது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படமெடுக்க 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விடுகிறது, கட்டடத்துக்கும் அப்படியே. சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, கூகுளில் தேடி எடுத்த நடிகர் படம். சரி, அது என் தவறு.

அப்புறம் சென்ட்ரல் ரயில் நிலையக் கட்டடத்தை நானே எடுத்து, சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 உரிமத்தில் (எடுத்தவர் பெயரைச் சொல்லி, மாற்றினால் அதே உரிமத்தில் பகிர்ந்து, யாரும் பயன்படுத்தலாம்) ஏற்றினேன். அப்படியே இருக்கிறது. 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற உரிமத்தை அங்கே ஏற்க மாட்டார்கள். பொறுமையாக விளக்கிய எல்லாருக்கும் நன்றி.