அம்மா ராத்திரியில் பெரட்டுக்குக் கிளம்புகிறார்

சுங்கை சிப்புட் (மலேசியா) மகள்:
அம்மாவுக்கு 78 வயது. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வார்டில் இருக்கிறார். நேற்று ராத்திரி முழுக்க "பெரட்டுக்கு நேரமாச்சு, கத்தியும் வாளியும் எங்கே?" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். பெரட்டு என்றால் ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது. ட்யூபைப் பிடுங்கினார். பகலில் எழுப்பினாலும் சரியாகக் கண் திறப்பதில்லை. விழுவதற்கு முதல் நாள்கூட கூட்டுக் (சீட்டு) கணக்கை அவர்தான் எழுதினார். மாமா மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறார். இது மறதி நோயா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்):
தங்கச்சி, மறதி நோய் மெல்ல மெல்ல வரும், ஒரே ராத்திரியில் வராது. இது டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம் மாதிரி தெரிகிறது. இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு அடிக்கடி வரும். இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரில் கிருமி, நெஞ்சில் சளி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, அடங்காத வலி, புது மருந்து என்று எதுவும் காரணமாக இருக்கலாம். ஒன்றுக்கு மேலும் இருக்கலாம்.

எனக்கு அந்தப் பகல் தூக்கம்தான் அதிகக் கவலை. கத்துகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் கிடப்பவரை "பாட்டி தூங்குகிறார்" என்று விட்டுவிடுவார்கள். அதுவும் டெலிரியம்தான். வார்டில் மலாயில் கேட்டுப் பதில் வராவிட்டால், மொழி தெரியவில்லை என்றே நினைப்பார்கள். குழப்பம் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லும்போது நீங்கள் அதைத் தமிழில் கேளுங்கள். கூட்டுக் கணக்கு எழுதியவர் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். டாக்டருக்கு அது தெரியாது.

கண்ணாடி, காது மெஷின், பல்செட் எடுத்துப் போங்கள். பகலில் வெளிச்சம் வேண்டும். டாக்டர் சரி என்றால் நாற்காலியில் உட்கார வையுங்கள். ராத்திரி தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். பெரட்டு என்றால் வாதாடாதீர்கள், "இன்றைக்கு லீவுமா" என்றால் போதும். வெளியில் தூக்க மாத்திரையோ பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜி மாத்திரையோ வாங்கிக் கொடுக்கவே கூடாது, குழப்பம் கூடும்.

பாலன்:
அக்கா சொன்னதோடு ஒன்று. என் அப்பாவுக்கு வந்தது குடி திடீரென்று நின்றதால். கை நடுக்கம், வியர்வை, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அது உயிருக்கே ஆபத்து.

சுங்கை சிப்புட் மகள்:
அம்மா குடிக்க மாட்டார் அண்ணா. டாக்டரிடம் சொன்னேன், சிறுநீர் அடைத்திருந்ததாம். எப்போது தெளியும் அக்கா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:
காரணத்தைக் கண்டுபிடித்தது நல்லது. சிலருக்குச் சில நாளில், சிலருக்கு வாரக்கணக்கில். சிலர் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்புவதில்லை, அதையும் மறைக்க மாட்டேன். கயிறு கட்டினால் மாமா மனசு ஆறும், கட்டுங்கள். வீட்டுக்கு வந்த சில மாதம் கழித்து ஞாபகத்தைச் சோதிக்கக் கேளுங்கள். அடுத்த முறை எந்த வார்டில் சேர்த்தாலும் "முன்பு டெலிரியம் வந்தது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.