நுண்ணுயிர் எரிபொருள் கலமா, நுண்ணுயிர் மின்கலமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நுண்ணுயிர்களைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் மைக்ரோபியல் ஃபியூயல் செல்லுக்கு "நுண்ணுயிர் எரிபொருள் கலம்" போதும் என்று முந்தைய மடலில் பார்த்தேன். ஹைட்ரஜனில் இயங்கும் கலத்துக்கு "எரிபொருள் கலம்" என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதை நான் தொட வரவில்லை. கழிவுநீர்க் கசட்டைப் பற்றி எழுதும்போதுதான் அது இடறுகிறது. காற்றில்லாத தொட்டியில் கசட்டைச் செரிக்கவைத்தால் மீத்தேன் வருகிறது, அது நிஜமாகவே எரிகிற பொருள். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் அந்த வாயுவை எஞ்சினில் எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். இந்தப் பின்னணியில் "நுண்ணுயிர் எரிபொருள் கலம்" என்று படிப்பவர், எரிவாயு தரும் தொட்டி என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் கலத்துக்குள் எதுவும் எரிவதில்லை. ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியா கரிமப்பொருளைச் சிதைத்து எலக்ட்ரான்களை ஆனோடு என்ற மின்வாயில் விடுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியே கேத்தோடு என்ற மற்ற மின்வாய்க்குப் போய் ஆக்சிஜனோடு சேர, நீர் உண்டாகிறது. (ஆனோடை இங்கே "நேர்மின்வாய்" என்று எழுத வேண்டாம். மின்சாரம் தரும் கலத்தில் அது எதிர்மின்முனை.)

அதனால் என் பரிந்துரை: நுண்ணுயிர் மின்கலம்.

மின்கலம் என்றால் டார்ச் விளக்கு பேட்டரிதானே நினைவுக்கு வரும் என்று கேட்கலாம். வரட்டும். வேதிவினையிலிருந்து மின்சாரம் என்பது இரண்டுக்கும் பொது. "மின்" என்பதை விட்டுவிட்டு நுண்ணுயிர்க்கலம் என்று சுருக்குவது மட்டும் கூடாது. இலங்கைப் பாடநூல்களில் கலம் என்பது உயிரணு, அங்கே பொருளே மாறிப்போகும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கசட்டிலிருந்து மீத்தேனைக் கூட்டும் ஆய்வுகளில் பெரும்பாலும் பேசப்படுவது மின்சாரம் தரும் கலம் அல்ல, மின்சாரம் வாங்கும் கலம். வெளியிலிருந்து ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்தால் போதும், கேத்தோடில் உள்ள நுண்ணுயிர்கள் கார்பன் டை ஆக்சைடை மீத்தேனாக மாற்றுகின்றன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு இதை 2009-இல் வெளியிட்டது. செரிப்புத் தொட்டி வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் கார்பன் டை ஆக்சைடு இருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். மின்சாரம் தரும் கலமோ, மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகப் போக வேண்டிய அசிட்டேட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒன்று துணை, மற்றது போட்டி. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் கட்டுரையே தலைகீழாகிவிடும்.

ஆகவே தருவது நுண்ணுயிர் மின்கலம், வாங்குவது நுண்ணுயிர் மின்பகுப்புக் கலம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நுண்ணுயிர் மின்வேதிக் கலம்.

அப்புறம், பயோகேஸுக்கு "உயிர்வாயு" வேண்டாம். உயிர்வளி என்று ஆக்சிஜனைச் சொல்கிறோம், ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் மாணவர் குழம்பிப்போவார். சாண எரிவாயு என்று ஊரில் புழங்குவதையொட்டிக் கசட்டு எரிவாயு என்றே எழுதலாம்.

மின்சாரம் கொடுத்து மீத்தேன் ஆக்கும் அந்த வினைக்கு "மின்மீத்தேனாக்கம்" என்று வைத்திருக்கிறேன். இதைவிட எளிதாக வாயில் நுழையும் சொல் யாரிடமாவது இருக்கிறதா?