கலைச்சொல் வேண்டுகை: வனவியலில் ‘இன்கிரிமென்ட்’

மொழிபெயர்ப்பாளரின் முதல் மடல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வனவியல் பட்டயப் படிப்புக்கான மர அளவையியல் பாடநூலைத் தமிழில் ஆக்கி வருகிறேன். ஐந்தாம் இயல் வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நான் ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ‘குரோத்’, ‘இன்கிரிமென்ட்’, ‘யீல்டு’ ஆகிய மூன்றும் அந்த இயலில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. முதலாவதற்கு வளர்ச்சி, மூன்றாவதற்கு விளைச்சல் என்பதில் எனக்கு ஐயமில்லை. நடுவில் நிற்பதோ, ஒரு மரமோ தோப்போ குறிப்பிட்ட காலத்துக்குள் எவ்வளவு கூடியது என்னும் அளவு. அதையும் ‘வளர்ச்சி’ என்றே எழுதி மாணவர் சிலருக்குப் படித்துக் காட்டினேன், அவர்களுக்கு விளங்கவில்லை.

ஓர் ஹெக்டேர் தேக்குத் தோட்டத்தில் நாற்பதாம் வயதில் 200 கன மீட்டர் மரம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 5 கன மீட்டர், இது சராசரி. அடுத்த ஓராண்டில் மட்டும் 7 கன மீட்டர் கூடினால் அது அந்த ஆண்டுக்குரிய தனி அளவு. மட்டையாளரின் ஓட்டச் சராசரியைப் போலத்தான்: இன்றைய ஆட்டம் சராசரிக்கு மேலே இருக்கும் வரை சராசரி ஏறும், கீழே போனால் இறங்கும். மரத்தில் ஓராண்டு அளவு முதலில் உச்சம் தொட்டுச் சரிந்து, சராசரிக் கோட்டை அதன் உச்சியில் வெட்டிக்கொண்டு கீழே போகிறது. மிகுதியான மரம் கிடைப்பது ஒன்றே நோக்கமென்றால், அந்தக் கோடுகள் சந்திக்கும் வயதே வெட்டுவதற்கு உரிய வயது. இரண்டு கோடுகளுக்கும் ‘வளர்ச்சி’ என்று பெயரிட்டால், மரம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே வளர்ச்சி குறைகிறது என்று எழுத நேர்கிறது. ‘கூடுதல்’ என்று வைக்கலாமா? உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

கல்லூரித் தமிழாசிரியர் ஒருவரின் மறுமொழி

‘கூடுதல்’ தொழிற்பெயராக நிற்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடுதல் ஆட்சியர், கூடுதல் கட்டணம் என்று அதை அடைமொழியாக வைத்தே மக்கள் பழகிவிட்டார்கள். ‘ஆண்டுக் கூடுதல் அளவு’ என்று தொடர் நீண்டவுடன் கணக்குக்கு மிஞ்சியது என்ற பொருள் ஏறிவிடும். ‘கூடுமானம்’ என்று திரிக்கவும் வழியில்லை, ‘கூடுமானவரை’ குறுக்கே நிற்கிறது. வருவது வருமானம், பெறுவது பெறுமானம் எனில், வளர்ந்த அளவு ‘வளர்மானம்’ ஆகலாமே. கேட்டவுடன் ஓர் அளவு என்று விளங்குகிறது. ‘உயர வளர்மானம்’, ‘சுற்றளவு வளர்மானம்’ என்று முன்னொட்டும் ஏற்கிறது. இதையே முன்மொழிகிறேன்.

கல்வெட்டு ஆர்வலர் ஒருவரின் மடல்

தமிழாசிரியர் அம்மா அவர்கள் தந்த சொல் ஓசைக்கு நன்றாயிருக்கிறது. ஆனால் ‘மானம்’ அளவைக் குறிக்கும் வடசொல். இலக்கண நூல்கள் தரும் தொழிற்பெயர் விகுதிகளில் அது இல்லை. அந்தப் பட்டியலில் ‘காடு’ இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். சாக்காடு, வேக்காடு என்னும் சொற்களில் அதைக் காணலாம். காட்டைப் பற்றிய நூலுக்கு ‘வளர்காடு’ என்று ஒரு சொல்லை ஆக்க எனக்கு ஆசைதான் என்றாலும், படிப்பவர் அதை வளரும் காடு என்றே கொள்வார் என்பதால் விட்டுவிடுகிறேன்.

என் சொல் ‘பொலி’. களத்தில் நெல்லை அளக்கும்போது ‘பொலி, பொலி’ என்று சொல்லி அளந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பொலிதல் என்றால் பெருகுதல். சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்குப் ‘பொலிசை’ என்று பெயர். காட்டில் நிற்கும் மரத்திரள்தான் முதல். ஆண்டுதோறும் அதன்மேல் ஏறுவது பொலி. பொலியை மட்டும் எடுத்தால் முதல் குறையாது. வனவியலின் உயிர்நாடி இதுதானே?

இந்த இயலின் தொடக்கத்தில் கார்லோவிட்ஸ் வருகிறார் என்று அறிகிறேன். சாக்சனி நாட்டு ஃப்ரைபெர்க்கில் சுரங்க நிர்வாகத்தில் இருந்த அவர், வெள்ளி உருக்கும் உலைகளுக்கு விறகு தட்டுப்பட்டதைக் கண்டு, காடு திரும்ப வளரும் அளவுக்குள்ளேயே வெட்ட வேண்டும் என்று 1713-இல் எழுதினார். நம் கோயில்களில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளை விட்டு, ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டினார்கள். ஆடுகள் சாகும், மூப்படையும். ஆனால் குட்டிகளைக் கொண்டு இடையர் அந்த 96 என்ற எண்ணைக் குறையாமல் காத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளந்தார்கள். முதலைத் தொடாமல் பெருக்கத்தில் வாழ்வது என்ற கருத்து இங்கே கணக்கோடு இருந்தது. அதற்குரிய சொல்லும் இருந்தது. அதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற வனச்சரகர் ஒருவரின் மடல்

ஐயா அவர்களின் விளக்கத்தை இருமுறை படித்தேன். முதலும் பொலியும் என்ற உவமையைப் பாடநூலில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஆனால் சொல்லாகப் ‘பொலி’ நிற்காது என்று அஞ்சுகிறேன். இன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பொலி என்றால் பசுவோடு இணைசேர்க்க விடும் பொலி காளைதான் நினைவுக்கு வரும். வகுப்பில் ‘தேக்கின் ஆண்டுப் பொலி’ என்று சொல்லும் ஆசிரியர், சிரிப்பு அடங்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் எப்போதும் ஒரு தேக்கு வட்டைக் காட்டுவேன். எல்லா வெப்பமண்டல மரங்களிலும் ஆண்டு வளையம் தெளிவாக இராது. தேக்கில் விரலால் தொட்டு எண்ணலாம். நடுவில் சில வளையங்கள் கட்டைவிரல் நகத்தின் அகலம் இருக்கும். பிறகு நெருக்கத்தால் நூல் நூலாக ஒடுங்கும். இடைமரங்களை வெட்டி எடுத்த ஆண்டுக்குப் பின் மறுபடி அகலும். மரத்தை வெட்டாமலே பார்க்க வேண்டுமானால், மார்பளவு உயரமான 1.37 மீட்டரில் துளைக்கருவியைத் திருகி, பென்சிலைவிட மெலிந்த குச்சி ஒன்றை உருவி எடுப்போம். அந்தக் குச்சியில் இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட அகலத்தைச் சுட்டி, ‘இதுதான் அந்த வருசத்து வளர்மானம்’ என்று என்னால் சொல்ல முடியும். ‘இதுதான் பொலி’ என்று சொன்னால் மேலும் பத்து நிமிடம் விளக்க வேண்டும்.

வேறொரு திருத்தமும் வேண்டும். பழைய குறிப்புகளில் ‘நடப்பாண்டு’ என்று காண்கிறேன். முதல் மடலின் எடுத்துக்காட்டில் நாற்பத்தோராம் வயதில் கூடியதைக் குறிக்கும் சொல் அது. படிப்பவரோ இந்தக் காலண்டர் ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறார். ‘ஓராண்டு வளர்மானம்’, ‘சராசரி ஆண்டு வளர்மானம்’ என்று பிரித்தால் குழப்பம் தீரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்

எங்களுடைய அலுவலகங்களில் சம்பள இன்கிரிமென்ட்டைச் ‘சம்பள ஏற்றம்’ என்றே எழுதுகிறோம். அந்த வழியில் ‘வருடாந்த ஏற்றம்’ என்றால் இங்குள்ள மாணவருக்கு உடனே விளங்கும். இரு கரைக்கும் ஒரே சொல் அமைய வேண்டும் என்பதால் நான் பிடிவாதம் கொள்ளவில்லை. வளர்மானம் எங்களுக்கும் அந்நியமாகத் தோன்றவில்லை.

கல்வெட்டு ஆர்வலர் மீண்டும்

பிடிமானம், சேர்மானம், கட்டுமானம் என்று வழக்கில் பல சொற்கள் இருப்பதைச் சுட்டி மூவர் தனிமடல் எழுதினார்கள். விகுதி தமிழாகிவிட்டது என்ற வாதத்தை மனமில்லாமல் ஏற்கிறேன். காளை பற்றிய தடையை ஏற்கவில்லை; ஒரு சொல்லின் ஒரு பயன் மட்டும் எஞ்சியிருப்பதைக் காரணம் காட்டி, அதன் மற்றப் பயன்களையும் நாமே கைவிடலாகாது.

ஆயினும் என் உண்மையான மறுப்பு வேறு. அகக்காழ், அதாவது உள்ளே வைரம், உடையது மரம்; புறக்காழ், அதாவது வெளியே வைரம், உடையது புல் என்கிறது தொல்காப்பிய மரபியல். தேக்கு வட்டில் வளையம் எண்ணுவது அகக்காழுக்குப் பொருந்தும். மூங்கிலை என்ன செய்வீர்கள்? மூங்கில் முளை மண்ணைக் கீறி வரும்போதே தன் முழுப் பருமனோடு வருகிறது. பிறகு உயருமே தவிர ஆண்டுக்காண்டு பருக்காது. முதிர்ந்த கழியில் நீங்கள் துளையிட்டுத் தேடும் வளர்மானம் அங்கே இல்லை. புதரில் ஆண்டுதோறும் புதுக் கழிகள் எத்தனை கூடின என்பதே அதன் கணக்கு. ஆட்டு மந்தையில் குட்டிகள் கூடுவதைப் போல. அது வளர்தல் அன்று, பொலிதல்.

மொழிபெயர்ப்பாளரின் முடிவு மடல்

அனைவருக்கும் நன்றி. கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் வளர்மானத்தை ஏற்றதால், அந்தச் சொல்லை இயல் முழுவதும் இட்டு, ‘நடப்பாண்டு’ வந்த இடங்களிலெல்லாம் ‘ஓராண்டு’ என்று மாற்றிவிட்டேன். ‘ஏற்றம்’ சொற்பட்டியலில் இணைச்சொல்லாக இடம்பெறும். ஆடுகளைப் பற்றிய பத்தியை இயலின் தொடக்கத்தில், கார்லோவிட்ஸுக்கு அடுத்து வைத்திருக்கிறேன்.

ஐயாவின் மடலுக்குப் பிறகு மூங்கில் பகுதியை மட்டும் நேற்றிரவு மீண்டும் எடுத்துப் படித்தேன். ‘மூங்கிலின் ஓராண்டு வளர்மானம்’ என்று நான் எழுதியிருந்த தொடர், கழிகள் பருப்பதாகவே பொருள் தந்தது. அது பிழை என்பதால் அடித்துவிட்டேன். பொலி என்று எழுதும் துணிவும் எனக்கு வரவில்லை. இப்போதைக்கு ‘புதரில் அவ்வாண்டு முளைத்த புதுக் கழிகளின் எண்ணிக்கை’ என்று வரும் இடமெல்லாம் விரித்தே எழுதியிருக்கிறேன்; அந்த நான்கு பக்கங்களில் இது பதினொரு முறை வருகிறது. வெள்ளிக்கிழமை காலைக்குள் ஒரு சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.