பாதையில் குதிரை மிரளும் இடங்கள்: பலரின் அனுபவப் பகிர்வு

புதிதாக வெளிப்பாதைக்கு வரும் குதிரைக்குப் பின்னாலிருந்து வரும் சைக்கிள்தான் பெரிய சோதனை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை குதிரைக்குத் தெரியும். வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும்தான் தெரியாது. அந்த மறைவிலிருந்து சத்தமே இல்லாமல் வேகமாக ஒன்று வந்தால், வேட்டை விலங்கு என்றே அது எடுத்துக்கொள்ளும்.

பழக்குவதில் வரிசை முக்கியம். முதலில் சைக்கிள் குதிரையை விட்டு விலகிப் போக வேண்டும். உதவிக்கு வருபவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கட்டும். குதிரை 10 மீட்டர் தள்ளிப் பின்தொடரட்டும். தான் துரத்தத் துரத்த அது ஓடுகிறது என்று கண்டதும் குதிரைக்குத் தைரியம் வரும். பிறகு சைக்கிளை நிறுத்தி, குதிரை தானாக வந்து மோப்பம் பிடிக்க விடுங்கள். அடுத்து எதிரே வருவது, அதற்கடுத்துப் பக்கத்தில் கடப்பது. பின்னாலிருந்து வருவது கடைசிப் பாடம். இதை முதலிலேயே செய்து பார்ப்பவர்கள் குதிரையைக் கெடுத்துவிடுகிறார்கள்.

பாதையில் சைக்கிள்காரரைப் பார்த்தால் பேசச் சொல்லுங்கள். குரல் கேட்டால் அது மனிதர் என்று குதிரைக்குப் புரியும். சரிவான பாதை என்றால் அவர் பள்ளப் பக்கம் நிற்கட்டும். குதிரை மிரண்டு ஒதுங்கினாலும் மேட்டுப் பக்கமாகத்தான் ஒதுங்கும்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குதிரை மிரளும் நொடியில் சவாரி செய்பவரின் கை என்ன செய்கிறது என்பதுதான் பாதி விஷயம். பயத்தில் இரண்டு லகானையும் இழுத்து, கால்களாலும் இறுக்கிப் பிடித்தால் குதிரைக்குப் போக வழியில்லை. மேலே எழும்பும், அல்லது பின்னால் போகும்.

ஒற்றை லகானால் நிறுத்துவதை முதலில் தரையில் நின்றபடியும், பிறகு ஏறி மெதுநடையிலும், இரண்டு பக்கமும் பழக்குங்கள். ஒரு கையை லகானில் கீழே நகர்த்தி, முழங்காலை நோக்கி மெதுவாக மடக்குங்கள். அதே பக்கத்துக் காலைச் சேணத்தின் வயிற்று வாருக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். பின்னங்கால்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். அப்போது உந்தித் தள்ளும் சக்தி போய்விடும். கால்கள் நின்று, கழுத்து தளர்ந்த அந்தக் கணமே லகானை விடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது இழுப்பிலிருந்து அல்ல, விடுவதிலிருந்து. தாமதமாக விட்டால் அது எதற்குப் பரிசு என்று அதற்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை: குறுகிய மலைப்பாதையில் இதைச் செய்யவே கூடாது. பின்பாகம் சுழன்று பள்ளத்தில் கால் வைக்கும். நாலுகால் பாய்ச்சலில் வெடுக்கென்று இழுத்தாலும் குதிரை விழுந்துவிடும். மிரண்ட குதிரையைச் சாட்டையால் அடிப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும்: தன்னை மிரள வைத்த பொருள்தான் வலி கொடுத்தது என்று அது நம்பிவிடும். அடுத்த முறை இன்னும் மோசமாக மிரளும்.

* * *

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆழம் எவ்வளவு என்று குதிரைக்குத் தெரியாது, அதனால்தான் கரையில் நின்று முரண்டு பிடிக்கிறது. தலையைத் தாழ்த்திப் பார்க்க லகானைத் தளர்த்திவிடுங்கள். முதல் பாடத்துக்கு அகலமான, ஆழமில்லாத, அடி உறுதியான இடம் வேண்டும். ஓடை குறுகலாக இருந்தால் நடக்காமல் தாண்டவே பார்க்கும். பழகிய குதிரை முன்னே போகலாம், ஆனால் அக்கரை ஏறியதும் நின்று காத்திருக்க வேண்டும். அது விலகிப் போனால் பின்னால் நிற்பது தனித்துவிட்டோமென்று பதறிப் பாயும்.

தண்ணீரில் நின்று முன்னங்காலால் அடிக்க ஆரம்பித்தால் படுத்துப் புரளப் போகிறது என்று பொருள். உடனே முன்னே நகர்த்துங்கள். தலையைத் தூக்கவிடாமல் கட்டும் வார் எதுவும் இருந்தால் இறங்கும் முன் கழற்றிவிடுங்கள். ஆழத்தில் தலையை உயர்த்த முடியாமல் குதிரை மூழ்கிவிடும்.

* * *

சரிவு இறங்கும்போது நேராக இறக்குங்கள். நேராக வழுக்கினால் பின்னங்கால்களில் உட்கார்ந்து சமாளிக்கும். குறுக்காக வழுக்கினால் பக்கவாட்டில் உருளும். ஏறும்போது முன்சாய்ந்து பிடரி மயிரைப் பிடியுங்கள், லகானைப் பிடித்துத் தொங்காதீர்கள். வயிற்று வாரைக் கிளம்பிய 10, 15 நிமிடத்தில் மறுபடி இறுக்கிப் பாருங்கள். சேணம் கட்டும்போது பல குதிரைகள் உடலை விறைத்து வயிற்றை உப்பிக்கொள்ளும்.

* * *

குளவியும் பாம்பும் வேறு ரகம். இங்கே பழக்கம் உதவாது, முன்யோசனைதான் உதவும்.

தரைக்குளவிக் கூட்டை முதல் குதிரை மிதித்துக் கலைக்கும். கொட்டு வாங்குவது இரண்டாவதும் மூன்றாவதும். யார் கண்டாலும் "குளவி" என்று கத்த வேண்டும். கூட்டைத் தாண்டியவர்கள் நிற்காமல் நூறு மீட்டராவது முன்னே போய்ப் பின்வருபவர்களுக்கு இடம் விட வேண்டும். தாண்டாதவர்கள் திரும்பி விலக வேண்டும். முன்னே போனவர் சற்றுத் தள்ளி நின்று திரும்பிப் பார்த்தால், நடுவில் இருப்பவர் கூட்டின் மேலேயே மாட்டிக்கொள்வார்.

மேயும்போது மோப்பம் பிடிக்கும் பழக்கத்தால் பாம்புக்கடி பெரும்பாலும் மூக்கில்தான் படும். குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. விரியன் வகைக் கடியில் வீக்கம் நாசியை அடைத்தால் மூச்சுத் திணறித்தான் அது சாகும். சுமார் 15 செ.மீ. நீளத்தில் இரண்டு ரப்பர் குழாய்த் துண்டுகள், விளிம்பு மழுக்கப்பட்டு, பையில் இருக்கட்டும். வீக்கம் முற்றுமுன் நாசிக்குள் செருகி, பிளாஸ்திரியால் ஒட்டி, மருத்துவரை அழையுங்கள். முகவாரைத் தளர்த்துங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், நடக்கவும் வைக்காதீர்கள். முடிந்தால் மருத்துவர் அங்கே வரட்டும்.

* * *

நாடி பார்க்கத் தெரியாமல் யாரும் நீண்ட பாதைக்குப் போக வேண்டாம். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் ஓடும் நாளத்தை விரலால் அழுத்தி, 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ஏற்றம் முடிந்து நின்றால் 10, 15 நிமிடத்தில் 60-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், குடிக்கவும் தண்ணீர். வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது தவறான நம்பிக்கை. பின்தொடை கல்லாக இறுகி, சிறுநீர் கறுத்துப் போனால் ஓர் அடியும் நடத்தாதீர்கள், தசை சிதைந்துகொண்டிருக்கிறது. சேணத்தை இறக்கி, நின்ற இடத்துக்கே மருத்துவரை வரவழையுங்கள்.