கோழித் தீவனத்தில் பூண்டும் ஓமமும் ஆன்டிபயாடிக்குக்கு ஈடாகுமா?

கொங்குப்பண்ணை:
பல்லடம் பக்கம் சொந்தமாக 5,000 பிராய்லர் வளர்க்கிறேன். மூன்று பேட்சாகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் பொடி கிடையாது. பூண்டு, மஞ்சள், ஓமம் அரைத்துக் கலக்கிறேன்; ஓமம் மட்டும் டன்னுக்கு ஒரு கிலோ. எடை குறையவில்லை, சாவும் கூடவில்லை. மூலிகை போதும், எல்லாரும் மாறலாம் என்பேன்.

கால்நடைமருத்துவர்:
ஆன்டிபயாடிக்கை நிறுத்தியதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அண்ணா. ஆனால் பலனை ஓமத்தின் கணக்கில் எழுதாதீர்கள். ஓமத்தில் கிருமியைத் தாக்குவது தைமால். அது கிருமியின் சவ்வை ஓட்டையாக்கும், உண்மைதான். ஆனால் ஒரு கிலோ ஓமத்தில் எண்ணெயே 20 முதல் 40 கிராம்தான்; தைமால் அதில் ஒரு பங்கு. ஆய்வுகளில் பெரும்பாலும் டன்னுக்கு 100 கிராம் தைமாலாவது சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்தாலும் குடலின் கீழ்ப்பகுதிக்குப் போவதற்குள் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். கொழுப்பு உறை பூசி விற்பது அதனால்தான்.

நாட்டுக்கோழிக்காரி:
டாக்டர், எங்கள் வீட்டில் வெள்ளைக் கழிச்சல் வந்தால் சீரகம், மிளகு, கீழாநெல்லி, வேப்பிலை அரைத்து உருட்டிக் கொடுப்போம். பிழைத்த கோழிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதுவும் பொய்யா?

கால்நடைமருத்துவர்:
பொய் என்று சொல்லவில்லை, அக்கா. வெள்ளைக் கழிச்சல் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் அந்த வைரஸைத் தொடவே தொடாது, அதனால் இந்த ஒப்பீட்டுக்குள் அது வராது. தயவுசெய்து லசோட்டா தடுப்பூசியை மட்டும் விடாதீர்கள்.

கொங்குப்பண்ணை:
ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதை நிறுத்திவிட்டதே? அங்கே கோழித் தொழில் படுத்துவிட்டதா? மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினை இங்கே 2019 வரை தீவனத்தில் போட்டோம். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. மூலிகை முழுசாக நிரூபணமாகட்டும் என்று காத்திருந்தால் பழைய பொடிதான் திரும்ப வரும்.

கால்நடைமருத்துவர்:
அந்தக் கோபம் எனக்கும் உண்டு. டென்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் பிராய்லருக்கு நிறுத்தினார்கள். சாவு கூடவில்லை, தீவனச் செலவு துளி ஏறியது. ஆனால் ரத்தக் கழிச்சலுக்கான சாலினோமைசின் என்ற மருந்து தீவனத்தில் தொடர்ந்தது. குடலைப் புண்ணாக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவையும் அது அடக்கும். தாங்கிப் பிடித்தது மூலிகை இல்லை. சரி, உங்கள் மூன்று பேட்சும் எந்த மாதங்கள்? தரையில் பரப்பிய கூளம் எப்படி இருந்தது?

கொங்குப்பண்ணை:
தை முதல் வைகாசி வரை. நல்ல வெயில் காலம். ஒவ்வொரு பேட்சுக்கும் புதுத் தேங்காய் நார்க்கழிவு போட்டேன். கூளம் காய்ந்தே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

கால்நடைமருத்துவர்:
ஐப்பசி மழையில் கூளம் நனைந்து அம்மோனியா ஏறும்போதுதான் சோதனை. கொட்டகையை நடுவில் தடுத்து, ஒரு பாதிக்கு மட்டும் ஓமம் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே குஞ்சு, ஒரே தீவனம், ஒரே கூளம்.

கொங்குப்பண்ணை:
செய்கிறேன். ஓமம் போட்ட பாதிதான் ஜெயிக்கும் என்று இப்போதும் சொல்கிறேன். வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் நூறு நூறு கோழி எடை போட்டு இங்கேயே எழுதுகிறேன், டாக்டர்.