மினி டிராக்டரில் தோட்டத்துப் பாதை நிரவல்: முதல் மழைக்கே சக்கரத் தடம் வாய்க்காலாகுதே!

மேலூர் செம்மண்:
கிராவல் அடிச்சு, டிராக்டருக்குப் பின்னால மாட்டுற பிளேடு போட்டு நிரவின பாதை. ஐப்பசி முதல் மழைக்கே ரெண்டு சக்கரத் தடத்துலயும் தண்ணி ஓடுது. கிராவலைக் குறை சொல்லிப் பயனில்லை, ஓரத்தைப் பாருங்க. பிளேடு ஒதுக்கின மண் நாலு விரக்கடை உயரத்துக்கு வரப்பா நிக்கும். வெளியேற வழியில்லாத தண்ணி தடத்துக்குள்ள இறங்கி, மண்ணைக் கரைச்சுட்டு உருட்டுக் கல்லை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கும்.

அந்த வரப்பை நடுவுக்கு இழுக்கணும். பிளேடை 30 டிகிரி திருப்பி, வலது முனை முன்னால இருக்கணும். வலது லிஃப்ட் ராடு (பிளேடைத் தூக்கிப் பிடிக்கிற கம்பி) கைப்பிடியைச் சுத்தி அதே முனையைக் கொஞ்சம் இறக்குங்க. போகும்போதும் வலது ஓரம், திரும்பும்போதும் வலது ஓரம். செட்டிங்கைத் தொடவே வேண்டாம். 10 அடிப் பாதைக்கு நடு ரெண்டரை அங்குலம் தூக்கலா இருந்தா போதும்.

கரிசக்காடு:
அண்ணே, அது செம்மண்ணுக்குச் சரி. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் வந்து செஞ்சு பாருங்க. கரிசல் நனைஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். கோடையில கை நுழையுற வெடிப்பு. அடிச்ச கிராவல் அதுக்குள்ளதான் போகும். அடியில 3 அங்குலம் கிரஷர் டஸ்ட், அதுக்கு மேலதான் கிராவல். 100 அடி நீளம், 10 அடி அகலம், 4 அங்குலம் கிராவல்னா 333 கன அடி, அதாவது மூணேகால் யூனிட்டுக்கு (யூனிட்னா 100 கன அடி) சித்த மேல. அழுந்தினா 3 அங்குலம் நிக்கும். குழி விழுந்த இடத்துல மட்டும் ரெண்டு பாண்டு கூடப் போட்டு மிதிச்சு விடலாம்.

அஞ்சு கொத்து:
அந்தக் கடைசி வரி தப்பு. குழியில கொட்டி மிதிச்சது பத்து நாள்ல கிண்ணம் மாதிரி கழண்டு வரும். இறுகின அடிமண்ணோட புது மண் ஒட்டாது. அஞ்சு கொத்துக் கலப்பையை மாட்டி, டாப் லிங்கை (கலப்பையை மேல்பக்கம் டிராக்டரோட இணைக்கிற கம்பி) சுருக்கி, குழியோட அடி வரைக்கும் மொத்தப் பாதையையும் கிளறுங்க. அப்புறம் பிளேடு.

ஈரம் முக்கியம். கைப்பிடி மண்ணை இறுக்கினா உருண்டை நிக்கணும், உள்ளங்கையில ஒட்டக் கூடாது. புழுதியில ஓட்டினா தூசிதான் மிஞ்சும்.

அலை அலையா வருதுன்னா வேகம் காரணம். முன்சக்கரம் மேட்டுல ஏறினா பின்னாடி பிளேடு குத்தும், இறங்கினா தூக்கும். ஒரு மேடு ரெண்டாகும். லோ ஒண்ணாம் கியர் போதும். ஹைட்ராலிக் லிவரை ஒரே இடத்துல வைங்க; டிராஃப்ட் கன்ட்ரோல்ல விட்டா, இழுப்புக்கு ஏத்த மாதிரி ஹைட்ராலிக் தானா ஏத்தி இறக்கும்.

கண்மாய்க்கரை:
நிரவல் பத்தி எல்லாரும் சொல்லியாச்சு. யாரும் கேக்கலைன்னாலும் இதைச் சொல்லணும்: பாதையில நிக்கிற பாறையையோ வேர்க்கட்டையையோ சங்கிலி போட்டு இழுக்கணும்னா டிராபாரில் (வண்டிக்குப் பின்னால தாழ்வா இருக்கிற இழுவைக் கம்பி) மட்டும் கட்டுங்க. டாப் லிங்க் கொக்கியில கட்டினா இழுப்பு பின் அச்சுக்கு மேல விழும், முன்சக்கரம் தூக்கும். கிளட்சை மிதிக்கிறதுக்குள்ள வண்டி பின்னால கவிழ்ந்துடும். பிளேடு பாறையில மாட்டினாலும் முன்னால உந்தாதீங்க. தூக்கி, ரிவர்ஸ் எடுங்க. அப்புறம் இறங்கி, பிளேடு திரும்புற நடு முள்ளை (பின்) பாருங்க. வளைஞ்சிருந்தா பிளேடு திரும்பாது, சுத்தியலால தட்டித்தான் கழட்டணும்.

அஞ்சு கொத்து:
முள் வளையாம இருக்க, லோயர் லிங்க் (பிளேடைத் தாங்குற கீழ்க் கம்பி) ரெண்டுக்கும் ஆட்டத்தைத் தடுக்குற செக் செயின் இறுக்கமா இருக்கணும். தொளதொளன்னு விட்டா பிளேடு பக்கவாட்டுல அடிக்கும்.