பேசாம ரெண்டு பசங்கள எப்படி சமாளிக்கிறது? கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பசங்களுக்கு சத்தம் போட்டப்போ திடீர்னு குரல் அப்படியே போயிடுச்சு, ஈஎன்டி டாக்டர் கேமரா விட்டு பாத்துட்டு குரல் நாண்ல ரத்தக்கசிவு, ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, அதுக்கப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாதான் பேசணும்னு சொல்லிட்டாங்க. கிசுகிசுன்னு பேசினா பரவால்லன்னு நினைச்சிருந்தேன், அதுவும் கூடாதாம், அதுலயும் தொண்டை இறுகி சிரமப்படுமாம். செருமக்கூட கூடாது, செருமல் வந்தா ஒரு வாய் தண்ணி குடிச்சு முழுங்கணும்.

பெரியவளுக்கு ஏழு வயசு, சிலேட்டுல எழுதி காட்டினா படிச்சுக்கிறா. சின்னவனுக்கு மூணுதான் ஆகுது. நேத்து ராத்திரி கதை புத்தகத்த எடுத்துட்டு வந்து மடியில உக்காந்து என் வாயையே பாத்துட்டு இருந்தான், அப்புறம் குட்டி கையால என் உதட்ட பிரிச்சு பாக்குறான்... எனக்கு அழுகையே வந்துடுச்சு, அழுதாலும் தொண்டைக்கு ஆகாதேன்னு அடக்கிக்கிட்டேன்.

ஒரு தட்டு கைதட்டினா வா, ரெண்டுன்னா நில்லுன்னு பழக்கிருக்கேன், வீட்டுக்குள்ள ஓரளவு வேலை செய்யுது. ஆனா ரோட்டுல கைய உதறிட்டு ஓடினா என்ன பண்றது? விசில் வாங்கலாமா? போன்ல வர்ற ஃபோன் காலுக்கெல்லாம் மெசேஜ்லயே பதில் போட்டுடறேன், அது பிரச்சனையில்ல.

இப்படி குரலுக்கு ரெஸ்ட் குடுத்த அம்மா அப்பா யாராவது இருந்தா, படுக்க வைக்கிற நேரத்த எப்படி சமாளிச்சீங்க? திரும்ப பேச ஆரம்பிச்சப்போ ஸ்பீச் தெரபி போனீங்களா? ப்ளீஸ் சொல்லுங்க, இன்னும் நாலு நாள் இருக்கு.